பக்கத்து இலைக்காரர்

"பெரிய மனிதர் யாரையாவது தெரியுமா?"

படிப்பை முடித்து வேலை தேடும் பிள்ளையிடம் நம் வீடுகளில் முதலில் கேட்கப்படும் கேள்வி இதுதான். என்ன படித்தாய், எதில் உனக்குத் தேர்ச்சி, எத்தொழிலில் நாட்டம் என்பனவெல்லாம் பிறகு வருபவை. கேட்பவர் அன்பினால் கேட்கிறார், அதில் ஐயமில்லை. ஆயினும் அக்கேள்வி இளைஞர்களை இரண்டு கட்சிகளாகப் பிரித்துவிடுகிறது. ஒரு கட்சியினர், "பெரிய மனிதர் எவரும் நமக்குப் பழக்கமில்லையே, நமக்கு எங்கே வழி பிறக்கப் போகிறது?" என்று மனம் சோர்ந்துவிடுகிறார்கள். மற்றொரு கட்சியினர் தன்மானம் மிக்கவர்கள். "ஒருவர் வாசலில் போய் நிற்பதாவது! என் படிப்புப் பேசட்டும்" என்று அறையைத் தாழிட்டுக்கொண்டு, கணிப்பொறியின் முன் அமர்ந்து நாளொன்றுக்கு ஐம்பது விண்ணப்பங்களை அனுப்பிவிட்டு, வராத பதிலுக்குக் காத்திருக்கிறார்கள்.

இரு கட்சியினரும் ஒரே மயக்கத்துக்கு ஆளானவர்கள். அறிமுகத்தையும் சிபாரிசையும் ஒன்றென்று எண்ணுவதே அம்மயக்கம். இம்மாதம் அவ்விரண்டையும் சற்றுப் பிரித்துப் பார்ப்போம்.

தகுதியை நிறுக்கும் தராசுத் தட்டை ஒருவர் விரலால் அழுத்துவது சிபாரிசு. அதனால் வேலை பெற்றவர் கடன்பட்டவராகிறார். தகுதியிருந்தும் தட்டு உயர்ந்துபோன இன்னொருவர் வஞ்சிக்கப்படுகிறார். அறிமுகமோ செய்தியைக் கொண்டு சேர்ப்பது. இன்ன இடத்தில் ஆள் தேவை என்னும் செய்தி வேலை தேடுபவரிடமும், இன்னார் இன்ன காரியம் அறிந்தவர் என்னும் செய்தி வேலை தருபவரிடமும் போய்ச் சேர வேண்டும். அதற்குப் பிறகு தராசு தன் கடமையைச் செய்துகொள்ளட்டும். செய்தியே சேராத இடத்தில் தகுதி எவ்வளவு இருந்தென்ன?

நம் பாட்டன்மார் இதை நன்கு அறிந்திருந்தார்கள். தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் கற்றுக்கொண்டு, ஒரு தகரப் பெட்டியுடன் பம்பாய்க்கு ரயிலேறி வந்த வாலிபர்களுக்கு இந்நகரில் எந்தப் பெரிய மனிதரைத் தெரியும்? அவர்களுக்கு மாதுங்காவின் உணவு விடுதிகள் துணை நின்றன. 1942-ல் மாதுங்கா ரயில் நிலையத்தருகே ராம நாயக் தொடங்கிய உடுப்பி ஸ்ரீகிருஷ்ண போர்டிங்கை அறியாத தமிழ்க் குடும்பம் நம்மிடையே குறைவு. அத்தகைய விடுதிகளில் பந்திக்கு அமர்ந்தால், பக்கத்து இலைக்காரர் யாரென்று நாம் தேர்ந்தெடுப்பதில்லை. ஒருநாள் ரயில்வே குமாஸ்தா. மறுநாள் துறைமுகத்துக் கணக்கர். மூன்றாம் நாள் பஞ்சாலைக் காரியாலயத்தில் பணிபுரிபவர். "எங்கள் ஆபீசில் ஒரு ஸ்டெனோ விலகுகிறார்" என்ற சொல் ரசத்துக்கும் மோருக்கும் இடையே காதில் விழும். அதைக் கேட்டவர் மறுநாள் போய் நின்று, நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று எழுதிக் காட்டி, தம் திறமையால்தான் அவ்வேலையைப் பெற வேண்டும். பக்கத்து இலைக்காரர் தந்தது வேலையன்று, செய்தி.

இதில் அடங்கிய நுட்பத்தை ஓர் அமெரிக்க அறிஞர் கணக்கிட்டே காட்டியிருக்கிறார். மார்க் கிரானவெட்டர் என்னும் சமூகவியலாளர், பாஸ்டன் நகரை அடுத்த நியூட்டன் என்ற ஊரில், அண்மையில் வேலை மாறிய 282 பேரை ஆராய்ந்தார். பாதிக்குச் சற்று மேற்பட்டோர் தமக்குத் தெரிந்த ஒருவர் மூலமாகவே புதிய வேலையைப் பற்றி அறிந்திருந்தார்கள். அவ்வாறு அறிந்தவர்களில் அவர் நேரில் விசாரித்தவர்களிடம், "செய்தி சொன்னவரை அந்நாளில் எவ்வளவு அடிக்கடி சந்தித்தீர்கள்?" என்று கேட்டார். வாரத்துக்கு இருமுறையேனும் சந்தித்ததாகக் கூறியவர்கள் நூற்றுக்கு 16.7 பேரே. எப்போதேனும் சந்திப்பதாகக் கூறியவர்கள் 55.6 பேர். ஆண்டுக்கு ஒருமுறையோ அதற்கும் குறைவாகவோ சந்திப்பதாகக் கூறியவர்கள் 27.8 பேர். இந்த முடிவுகளை வைத்து 1973-ல் அவர் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பு, மெல்லிய பிணைப்புகளின் வலிமை என்று பொருள்படும்.

காரணம் எளிது. அண்ணனுக்கும் மைத்துனருக்கும் நெருங்கிய தோழருக்கும் நம்மீது அன்பு மிகுதி. ஆனால் நாம் அறிந்ததையே அவர்களும் அறிவார்கள். நாம் போகும் இடங்களுக்கே அவர்களும் போகிறார்கள். எப்போதோ ஒருமுறை சந்திக்கும் மனிதரோ வேறோர் உலகத்தில் நடமாடுகிறவர். அவ்வுலகத்தின் செய்தி அவர் வாயிலாகத்தான் நமக்குக் கிட்டும்.

ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னரும் இவ்வுண்மை பழையதாகிவிடவில்லை. லிங்க்ட்இன் என்னும் இணையதளத்தில் ஏறத்தாழ 2 கோடிப் பேரை ஐந்தாண்டுக் காலம் கவனித்த ஓர் ஆராய்ச்சி 2022-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியாயிற்று. நெருக்கமான தொடர்புகளைக் காட்டிலும் மெல்லிய தொடர்புகளே புதிய வேலைக்கு மிகுதியும் வழிகாட்டின என்று அதுவும் கூறியது. ஆனால் ஒரு திருத்தம் சேர்த்தது. முற்றிலும் அந்நியரால் அவ்வளவு பயனில்லை. நமக்கும் அவருக்கும் பொதுவாகச் சிலரேனும் அறிமுகமாக இருக்க வேண்டும். அதாவது, வழியில் போகிறவர் அல்லர். அதே பந்தியில் அமர்ந்த பக்கத்து இலைக்காரர்!

ஆகவே, முன்பின் அறியாத ஆயிரம் பேரைத் தம் பட்டியலில் சேர்த்துக்கொண்டு, "எனக்குத் தொடர்புகள் ஆயிரம்" என்று மகிழும் இளைஞர்கள் இதைச் சிந்திக்க வேண்டும். பெயர்ப் பட்டியல் வேறு, பழக்கம் வேறு.

இனி இதன் மறுபக்கத்தையும் பார்ப்பது கடமை. பழக்கம் வழியாக வேலை கிட்டும் ஏற்பாடு மனிதரை வாழவைத்ததும் உண்டு, கட்டிப்போட்டதும் உண்டு. இரண்டுக்கும் சான்று நம் நகரத்திலேயே இருக்கிறது. பம்பாய்ப் பஞ்சாலைகளில் ஆள் சேர்க்கும் பொறுப்பு ஜாப்பர் அல்லது முக்காதம் எனப்பட்ட மேஸ்திரியிடம் இருந்தது. அவர் தம் ஊரார், உறவினர், இனத்தார் என்று அழைத்துவந்து தறியில் நிறுத்துவார். ரத்னகிரியிலிருந்தும் சாத்தாராவிலிருந்தும் இவ்வழியே வந்து பிழைத்த குடும்பங்கள் எத்தனையோ! ஆனால் 1982 ஜனவரி 18-ஆம் நாள் டாக்டர் தத்தா சாமந்த் தலைமையில் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ 2,50,000 தொழிலாளர் இறங்கினர். அதன் பிறகு ஆலைகள் பழைய நிலைக்கு மீளவேயில்லை. ஆலையை இழந்தவர் யாரிடம் போய் வேறு வேலை கேட்பார்? தம்பியும் அதே ஆலை. மாமனும் பக்கத்து ஆலை. அடுத்த அறைக்காரரும் ஆலைத் தொழிலாளியே. தெரிந்தவர்கள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருந்தால், கூரை சரியும்போது கைகொடுக்க வெளியே ஒருவரும் இருப்பதில்லை.

இது பெரியவர்களோடு நின்றுவிடவில்லை. கைவன் முன்ஷி, மார்க் ரோசன்ஸ்வைக் என்னும் இரு பொருளியல் அறிஞர்கள், மாதுங்காவை அடுத்த தாதரில் மராட்டியக் குடும்பங்களை ஆராய்ந்து 2006-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தொழிலாளர் குடும்பங்களில் ஆண்பிள்ளைகளுக்கு அப்பன் வழி ஆலை வேலை, பணிமனை வேலை என்னும் பழைய தொடர்பு இருந்தது. அதை நம்பி அவர்களைப் பழைய பள்ளிப் படிப்பிலேயே நிறுத்தினர். பெண்பிள்ளைகளுக்கு அத்தகைய தொடர்பு ஏதும் இல்லை. ஆகையால் அவர்கள் ஆங்கிலப் பள்ளிகளுக்கு விரைந்து மாறி, புதிய உத்தியோகங்களுக்குத் தகுதி பெற்றனர். இருந்த தொடர்பு பிள்ளைகளைக் கட்டியது. இல்லாத தொடர்பு பெண்களை விடுவித்தது. இதைப் படித்தபின், "நம்மவர் அங்கே இருக்கிறார்கள், பிள்ளையும் அங்கேயே சேரட்டும்" என்று சொல்வதற்கு முன் நாம் ஒரு கணம் தயங்கத்தான் வேண்டும்.

நமக்கென்றே ஒரு பாடமும் உண்டு. கசப்பானதாயினும் மறைப்பதற்கில்லை. 1960-ல் தொடங்கிய 'மார்மிக்' என்னும் மராத்தி வாரஇதழ், இந்நகர நிறுவனங்களில் அதிகாரிகளாக இருந்த தென்னிந்தியர்களின் பெயர்களைப் பட்டியலிட்டு வெளியிட்டது. 1966 ஜூன் 19-ஆம் நாள் சிவசேனை தோன்றியது. தொடர்ந்து தென்னிந்தியர் உணவகங்கள் தாக்கப்பட்டன. உழைத்துப் பிழைத்த எளியவர்கள் அடிபட்டார்கள். அச்செயல்களுக்கு நியாயம் கற்பிக்க முடியாது. நம்மவருள் பெரும்பாலோர் ஆங்கிலமும் தட்டெழுத்தும் கற்ற திறமையால் உயர்ந்தவர்கள். ஆனால் தம் இடத்தில் தம்மவரையே வைப்பவர்கள் என்ற சந்தேகம் ஒரு சமூகத்தின்மீது விழுந்துவிட்டால், நேர்மையாகப் பெற்ற உத்தியோகமும் சிபாரிசால் பெற்றதாகவே பிறர் கண்ணுக்குத் தோன்றும். ஆதலால் நம் அறிமுகங்கள் வேலியாகிவிடக் கூடாது. மராத்தி பேசும் அண்டை வீட்டுப் பிள்ளைக்கும் அதே செய்தியைச் சொல்லும் மனம் நமக்கு வேண்டும். அது அறம், நம் பிள்ளைகளுக்கு அரணும் அதுவே.

இப்போது, வேலையை இழந்தோ தொழிலை மாற்றியோ நடுவழியில் நிற்பவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். இளைஞரின் துன்பத்தை ஊர் அறியும். இவர்களுடைய துன்பத்தை வீடுகூட முழுமையாக அறிவதில்லை. 45 வயது. ஒரே நிறுவனத்தில் இருபது ஆண்டுகள். ஒருநாள் மனிதவளப் பிரிவினர் அழைத்து, "உங்கள் பிரிவு மூடப்படுகிறது" என்கிறார்கள். மகள் கல்லூரியில் படிக்கிறாள். வீட்டுக் கடன் பாக்கியிருக்கிறது. அண்டை அயலார் அறியலாகாது என்று காலையில் வழக்கம்போல் பையை எடுத்துக்கொண்டு வெளியேறி, எங்கேனும் அமர்ந்துவிட்டு மாலையில் திரும்பும் தகப்பன்மாரும் உண்டு. சங்கக் கூட்டத்துக்கு வருவதை அவர் நிறுத்திவிடுகிறார். "இப்போது எங்கே?" என்று யாராவது கேட்டுவிடுவார்களே என்னும் அச்சம்! மனிதர்கள் மிகத் தேவைப்படும் நேரத்தில் மனிதர்களை விட்டு விலகிவிடுகிறார்.

அத்தகைய அன்பர்களுக்கு ஒன்று சொல்வோம். வேலை போவது குற்றமன்று. இருபது ஆண்டுகளில் உங்களோடு பணிபுரிந்து விலகிச் சென்றவர்களை எண்ணிப் பாருங்கள். சரக்கு கொண்டுவந்தவர், கணக்குத் தணிக்கை செய்தவர், எதிர்த்தரப்பு நிறுவனத்தில் அமர்ந்து உங்களோடு பேரம் பேசியவர் ஆகியோரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இவர்கள் உங்கள் வேலையைக் கண்ணால் கண்டவர்கள். இன்று வெவ்வேறு இடங்களில் இருப்பவர்கள். ஒரு தாளில் முப்பது பெயர்களை எழுதி, வாரத்துக்கு ஐவரிடம் பேசினால் ஆறு வாரத்தில் பட்டியல் முடியும். கூச்சம் முதல் இரண்டு பேரோடு தீர்ந்துவிடும்.

குழந்தைகளை வளர்ப்பதற்காகப் பத்தாண்டு வேலையை விட்டிருந்த சகோதரிகளும் "எனக்கு யாரையும் தெரியாதே" என்கிறார்கள். பள்ளி வாசலில் காத்திருந்த தாய்மார்கள், நவராத்திரிக் கொலுவுக்கு வந்துபோனவர்கள், குடியிருப்புச் சங்கத்தின் வரவுசெலவைச் சேர்ந்து பார்த்தவர்கள் எல்லோரும் யார்? பல தொழில்களையும் பல மொழிகளையும் சேர்ந்த இல்லங்களோடு அவர்களுக்குள்ள பழக்கம், ஒரே அலுவலகத்தில் காலம் கழித்த கணவருக்கு இல்லை.

சரி, அறிமுகமான ஒருவரிடம் என்ன கேட்பது? இங்கேதான் பலர் தவறுகிறார்கள். "ஐயா, எப்படியாவது ஒரு வேலை வாங்கிக் கொடுங்கள்" என்று எழுதுகிறார்கள். பெறுபவர் சங்கடத்துக்கு உள்ளாகிறார். தம்மிடம் வேலை இல்லை. இல்லை என்று சொல்லவும் மனமில்லை. கடிதத்தை ஒதுக்கி வைத்துவிடுகிறார். அதற்கு மாறாக இப்படி எழுதலாம்:

"வணக்கம். சங்க நூலகப் பொறுப்பாளர் தங்கள் பெயரைக் கூறினார். நான் வணிகவியல் பட்டதாரி; சரக்குப் போக்குவரத்து நிறுவனம் ஒன்றில் 3 ஆண்டுகள் கணக்குப் பிரிவில் பணியாற்றினேன். துறைமுகச் சுங்கம் சார்ந்த பணிக்கு மாற விரும்புகிறேன். புதிதாக நுழைபவர் முதலில் எதைக் கற்க வேண்டும் என்று தங்களிடம் கேட்டறிய ஆவல். தங்களுக்கு வசதியான நாளில் 15 நிமிடம் ஒதுக்கினால் போதும், தொலைபேசியிலும் பேசலாம்."

யார் அனுப்பினார், நான் யார், எதை அறிய வேண்டும், எவ்வளவு நேரம் என்ற நான்கும் இதில் அடங்கிவிட்டன. அறிவுரை கேட்பவருக்கு இல்லையென்று சொல்பவர் குறைவு. பேசி முடித்ததும், "இத்துறையில் நான் இன்னும் யாரைச் சந்திப்பது நல்லது?" என்று ஒரு கேள்வி கேட்க வேண்டும். ஒருவர் இருவரைக் காட்டுவார். இருவர் நால்வரைக் காட்டுவார்கள். அன்று மாலையே நன்றி எழுத வேண்டும். அவர் சொன்ன யோசனையைப் பின்பற்றியபின் என்ன நடந்தது என்று இரண்டு மாதம் கழித்துத் தெரிவிக்க வேண்டும். வேலை கிடைத்த பிறகு மறந்துவிடுபவர்களால்தான் பின்னால் வருகிறவர்களுக்குக் கதவு மூடப்படுகிறது.

பல நிறுவனங்களில் பணிபுரிவோரே தகுதியானவர் பெயரை முன்மொழியலாம் என்ற ஏற்பாடு இன்று உண்டு. அதனால் விண்ணப்பம் ஒருவர் கண்ணில் படும், அவ்வளவே. தேர்வும் நேர்முகமும் நம் பொறுப்பு. மத்திய அரசு 2015-ல் தொடங்கிய தேசியத் தொழில் சேவை இணையதளத்தில் வேலை தேடுவோர் கட்டணமின்றிப் பதிவு செய்யலாம். அதையும் விடக் கூடாது. ஆனால் "நம்ம ஊர்க்காரர்" என்று பழகி, வேலைக்கென முன்பணம் கேட்பவர் யாராயினும், அவரை விட்டு விலகுங்கள். அயல்நாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பவர் என்றால், அரசிடம் பதிவு பெற்ற முகவர்தாமா என்று பார்த்துக்கொள்ளாமல் ஒரு காசும் கொடுக்க வேண்டாம். ஊர்ப் பாசமே வலையாக விரிக்கப்படுவதும் உண்டு.

பெரியவர்களுக்கும் சில வார்த்தைகள். உங்களிடம் வரும் இளைஞருக்கு வேலை தர இயலாவிட்டால், அதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். "பார்க்கலாம், சொல்லி அனுப்புகிறேன்" என்ற சொல்லை நம்பி மூன்று மாதம் வீணாக்கியவர்கள் உண்டு. அறியாதவரைப் பற்றி, "நன்கு அறிவேன்" என்று எழுதாதீர்கள். அறிந்ததை மட்டும் சொல்லுங்கள். உங்கள் சொல்லுக்கு மதிப்பு நிலைக்கும். உங்கள் 15 நிமிடம் உங்களுக்குச் சிறிது. அந்தப் பிள்ளைக்கு அது ஒரு திசை.

நம் சங்கத்தில் இதற்கு இடமுண்டா என்று கேட்கலாம். இங்குள்ளதைப்போல் வேறெங்கு உண்டு? செம்பூரில் வசிக்கும் பொறியாளரும், தாராவியில் தோல் பை தைத்து விற்கும் திருநெல்வேலிக்காரரும், சயானில் செவிலிப் பணி செய்பவரும், வாஷியில் காய்கறி மொத்த வியாபாரம் பார்ப்பவரும் ஒரே பொங்கல் விழாவுக்கு வருகிறார்கள். வந்து, அவரவர் வட்டத்தோடு அமர்ந்து, சாப்பிட்டுப் போய்விடுகிறார்கள்! மாதக் கூட்டத்தின் இறுதியில் ஒரு மணி நேரத்தை இதற்கென ஒதுக்கலாம். ஒவ்வொருவரும் தம் தொழிலை இரண்டே வாக்கியங்களில் சொல்லட்டும். உதவ விரும்புவோர் பெயரும் தொழிலும் அவர்தம் இசைவோடு ஓர் ஏட்டில் எழுதப்படட்டும். அதில் அதிகாரிகள் மட்டுமின்றி மின்பணியாளரும், தையற்காரரும், ஓட்டுநரும் இடம்பெறட்டும். வேலை இழந்தவர் தம் நிலையை அச்சமின்றிச் சொல்லக்கூடிய இடமாக அம்மணி நேரம் அமைந்துவிட்டால், அதுவே பெரிய காரியம்.

பக்கத்து இலைக்குப் பாயசம் கேட்பவரைக் கேலி செய்வது நம் வழக்கம். தமக்கு வேண்டியதைப் பிறர் பெயரால் கேட்கிறார் என்பது அதன் பொருள். இக்காரியத்தில் மட்டும் உண்மையாகவே பக்கத்து இலைக்காகக் கேட்போம். அடுத்த கூட்டத்துக்கு வரும் அன்பர்கள், வழக்கமான நண்பர்களின் வரிசையை விட்டு, பெயர் தெரியாத ஒருவர் அருகில் அமர்ந்து, "தங்களுக்கு எங்கே வேலை?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் தயங்கினால், "என்னால் ஆவது ஏதேனும் உண்டா?" என்றும் கேளுங்கள்.